கீரை மட்டும்

குழாயடியில் இருந்த முள்ளங்கிப் பாத்தியைப் பிடுங்கச் சொன்னார் சண்முகையா. மனைவி பூமாரியைக் குளிப்பாட்ட அந்த வீட்டில் வேறு இடமில்லை. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆட்டோ வருமுன்பே போய்விட்டாள்.

மகன் கோகுல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினான். ஒவ்வொன்றையும் தலையைப் பிடித்து மெல்ல ஆட்டி, முனை ஒடியாமல் எடுத்தான். மண்ணை உதறிச் சுவரோரம் அடுக்கினான்.

"சந்தைக்கா எடுக்கே? வாரிப் போடுலே."

கோகுல் அடுக்குவதை நிறுத்தவில்லை.

சண்முகையாவின் தங்கை சங்கரம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "அண்ணே, கோடி வரணும்லா. பெறந்த வீட்டுச் சேலை போத்தாம எப்படித் தூக்க?"

"நம்ம வீட்டுல சேலைக்கா பஞ்சம்? பட்டு எடுத்துப் போத்து."

"பட்டு கெடக்கு பீரோ நெறைய. நாதியத்தவளைத் தூக்கிட்டுப் போறாவன்னு ஊரு சொல்லும். கேட்டுக்கிடுதீகளா?"

பூமாரிக்கு ஒரே தம்பி, பேச்சிராஜா. கோகுலின் கல்யாணத்தில் தாய்மாமனுக்குப் போட வேண்டிய மாலையை முதலில் வேறொருவருக்குப் போட்டுவிட்டார்கள் என்று, பரிமாறிய இலையை விட்டு எழுந்து போனவர். மண்டபமே பார்த்தது. அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது, பூமாரியும் தம்பியின் ஊரான ராயகிரிக்குப் போகக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் சண்முகையா. அவர் சொல்லை அந்த வீட்டில் யாரும் மீறியதில்லை.

"மாமா வந்துட்டாரு," என்றான் கோகுல், குனிந்தபடியே. "தெருமுக்கு டீக்கடையில நிக்காரு. கையில கோடி இருக்கு. நீங்க கூப்பிடாம வர மாட்டாராம்."

"நிக்கட்டும்."

"நல்லா நிக்கட்டும்," என்றாள் சங்கரம்மாள். "ரெண்டு பேரும் வெறச்சிக்கிட்டே நில்லுங்க. அவளும் அங்கன வெறச்சிப்போய்க் கெடக்கா."

சண்முகையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரோரம் கிழங்குகள் வெள்ளையாகக் குவிந்திருந்தன. அந்தச் சின்னப் பாத்திக்குள் இவ்வளவு இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. பூமாரி ஒரு பக்கம் பிடுங்கும்போதே மறுபக்கம் விதை தூவிவிடுவாள். ஆனால் அவர் இலைக்கு வந்ததெல்லாம் முள்ளங்கிக் கீரைதான். தேங்காய் போட்ட பொரியல், இல்லையென்றால் பாசிப்பருப்புக் கூட்டு. கிழங்கு வந்த ஞாபகமே இல்லை.

"இம்புட்டுக் கிழங்கையும் என்னலே செஞ்சா உங்கம்மா?"

கோகுல் நிமிர்ந்தான். "மாமாவுக்குக் கல்லடைப்புல்லாப்பா. முள்ளங்கிச் சாறு குடிச்சா கேக்கும்னு வாராவாரம் குடுத்து விடுவாங்க. ராயகிரி பஸ்ஸுல நான்தான் ஏத்தி விடுவேன்."

"எனக்குத் தெரியாமலா?"

"அம்மா போகலப்பா. நீங்க போகக் கூடாதுன்னீங்கல்லா. ஒருநாள்கூடப் போகல."

தெருவில் துக்கத்துக்காக நெசவுத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். சண்முகையா கூடத்தை எட்டிப் பார்த்தார். பூமாரியின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார்.

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் தெருமுக்குவரை நடந்தார். பேச்சிராஜா பாதியாக இளைத்திருந்தார். ஒரு கை கோடிச் சேலையை நெஞ்சோடு அணைத்திருந்தது. மறு கை இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"வாங்க மாப்ளே."

"இப்பத்தான் கூப்பிடத் தோணுச்சா அத்தான்?"

சண்முகையா திரும்பும்போது பேச்சிராஜாவை முன்னால் விட்டு, அவர் நடைக்கு நடந்து வந்தார்.

வாசலில் பேச்சிராஜாவின் செருப்பு வார் குதிகாலில் மாட்டிக்கொண்டது. காலை உதறிப் பார்த்தார். குனிய முடியவில்லை; சேலையைக் கீழே வைக்கவும் மனமில்லை. சண்முகையா பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தார். பேச்சிராஜா அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் காலால் வாரை நெம்பினார்.

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு செருப்பும் கழலும்வரை சண்முகையா அசையாமல் நின்றார்.