துண்டுக்கு அடியில் அரை மணி நேரம்

ஆம்பூர் தோல் வியாபாரி ஆதிகேசவனுக்கு ஆட்டுத்தோலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்ணில் படும். பெண்டாட்டி விஷயத்தில் இல்லாத ஓட்டையும் படும். சனிக்கிழமைதோறும் பள்ளிகொண்டா பெருமாளைச் சேவிக்க மோட்டார் பஸ் ஏறும் அமிர்தவள்ளி, ஒரு துளசி இலைகூட இல்லாமல், முகம் மட்டும் மலர்ந்து திரும்புகிறாள். பெருமாள் தருகிற மலர்ச்சியா அது?

ஆள் வைத்தான். மெட்ராஸில் ஏட்டாக இருந்து பென்ஷன் வாங்கிய ஆரோக்கியசாமி, வேலூரில் குடியேறி வேவு பார்ப்பதையே தொழிலாக்கியிருந்தார். மாப்பிள்ளை குடிக்கிறானா, பங்காளி எங்கே போகிறான், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேட்டு. பெண்டாட்டி என்றால் இரட்டிப்பு. "புருஷன் அழுவாரு, அதையும் நான்தானே பாக்கணும்" என்பார்.

ஞாயிறன்று வந்து ஒப்பித்தார்.

"பள்ளிகொண்டால பஸ் நின்னுச்சி. அம்மா எறங்கல. நேரா வேலூரு. லாங் பஜார் பின்னால ஒரு மண்டி."

"கூட யாரு?"

"தனகோடின்னு ஒரு தரகன். கிராப்பு. பல்வரிசை ஜோரா இருக்கு."

"பல்ல யாருய்யா கேட்டது? இன்னா செஞ்சாங்க?"

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "கையப் புடிச்சிக்கினாங்க. மேல துண்டப் போட்டு மூடிக்கினாங்க. அரை மணி நேரம்."

ஆதிகேசவன் நாற்காலியை ஏட்டின் பக்கம் இழுத்துப்போட்டான்.

"பேச்சு?"

"மூச். அப்பப்ப 'இது பத்து, இது ஒண்ணு'ன்னு முணுமுணுப்பான். அம்மா மாட்டேன்னு தலைய ஆட்டுவாங்க. கடைசில வெடுக்குனு கைய உருவிக்கினாங்க. பக்கத்துல உப்புத்தோலு கட்டுகட்டா. நாத்தம் தாங்கல."

ஆதிகேசவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். மெட்ராஸ் ஆளுக்கு என்ன தெரியும்? தோலுக்கு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டுத்தான் சொல்வார்கள்.

"யோவ், அது பேரம்யா!"

மண்டி அவள் அப்பனுடையது. அவர் செத்தபோது, 'பூட்டிச் சாவிய குடு' என்று சொன்னவன் இவன்தான். ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வைத்துக்கொண்டு அவள் வியாபாரத்தை நடத்திக்கொண்டிருக்கிறாள்.

நிம்மதி ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்தான் இருந்தது. பேரமோ என்னவோ, விரல் விரல்தானே? கல்யாணமாகிப் பத்து வருஷம். தன் கையில் அவள் கை அரை மணி நேரம் இருந்ததுண்டா?

அடுத்த சனிக்கிழமை, மண்டியில் தனகோடி உட்காரப்போன இடத்தில் ஆதிகேசவன் உட்கார்ந்தான். அமிர்தவள்ளி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சாவிக்கு வந்தீங்களா?"

"சாவி யாருக்கு வேணும்? வெலைய சொல்லு."

தன் துண்டை விரித்தான். அவள் தயங்கிக் கையை நுழைத்து, அவன் நாலு விரலை அழுத்தினாள். நியாயமான விலை. வேண்டாமென்று தலையை ஆட்டினான். குறைத்தாள். அதற்கும் ஆட்டினான்.

"இதுக்கு மேல கொறச்சா தோல சும்மா தூக்கிக் குடுக்கணும். இன்னாதான் வேணும் உங்களுக்கு?"

"இன்னா அவசரம்?"

வாசலில் தனகோடி, பல்வரிசை தெரிய, தன் முறைக்குக் காத்திருந்தான். காத்திருக்கட்டும். விலை படிந்தால் கையை எடுத்துவிடுவாளே என்று, ஆதிகேசவன் மூன்றாம் முறையும் தலையை ஆட்டினான்.