எதிர்க்கடையில் ஒரு வாடிக்கையாளர்

வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தபோது, வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். மஞ்சள் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. எதிரே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர்கள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மகள் சட்டென்று உள்ளே அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். சூப்பர் மார்க்கெட் திறந்த நாளிலிருந்து அம்மா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. தங்கள் மளிகைக்கடை பாதியாக இளைத்ததற்கு அவர்கள்தான் காரணம் என்று வாய்க்கு வாய் சொல்வாள். சூப்பர் மார்க்கெட்காரர்கள் வண்டி நிறுத்த இடம் தேடுகிறார்கள், கடையைப் பேசாமல் கொடுத்துவிடுங்கள் என்று காலையில்தான் சித்தப்பா மகளின் காதைக் கடித்திருந்தார்.

அம்மா வெளியே வந்தாள். சீருடையைக் கண்டதும் முகம் இறுகியது.

மூத்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பெரியவர் தினமும் மத்தியானம் அங்கே வருவாராம். காலித் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அலமாரி அலமாரியாக விலை பார்ப்பாராம். ஏசிக்குக் கீழே நின்று வியர்வை ஆற்றிக்கொள்வாராம். யாராவது பெரிய பொட்டலமாக எடுத்தால் மெல்ல அருகே போய், இதே சாமான் எதிர் மளிகைக்கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது, கடைக்காரரும் தங்கமான மனுஷன் என்பாராம்.

"ஒருநாள் மேனேஜர் பிடிச்சுட்டாரும்மா. நீங்க யாருன்னு கேட்டாரு. 'நான் சும்மா சாமான் வாங்க வந்தவன், எனக்கெதுக்கு தம்பி ஊர் வம்பு'ன்னு சொல்லி, ஒரு தீப்பெட்டி வாங்கிட்டுப் போயிட்டாரு."

"காலாற நடந்துட்டு வர்றேன்னுல்ல என்கிட்ட சொல்லிட்டுப் போவாரு," என்றாள் அம்மா.

அவள் தோள் குலுங்கியது. மகள் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மகளும் அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

"அங்க எங்களைச் சாப்பிட்டியான்னு கேக்குற ஒரே ஆள் அவருதான்," என்றாள் மூத்தவள்.

நாற்காலிகளை இறக்கச் சொல்லி அம்மா அவர்களை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"சர்க்கரை இன்னைக்கு அங்க என்ன விலை?" என்று கேட்டாள் அம்மா.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவள் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். வாசல் பலகையில் அப்பா எழுதியிருந்த சர்க்கரை விலையை உள்ளங்கையால் மெதுவாக அழித்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, இளையவள் சொன்ன விலையில் ஒரு ரூபாய் குறைத்து, அவர் எழுதுவதைப் போலவே பெரிதாக எழுதினாள்.