அம்புக்குறியை அழித்தவள்

உள்ளே மன்றம் கூடியிருந்தது. போஜம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கைட்ஸ் எனும் சாரணியர் படையில் அணித் தலைவிகள் மட்டும்தான் மன்றத்துக்குள் போகலாம். அவள் துணைத் தலைவி. சட்டைப் பையின் மேல் தைத்த பட்டை ஒன்றுதான். உள்ளே போக இரண்டு பட்டை வேண்டும்.

அது பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறை. ஹாக்கி மட்டைகளை மூலையில் சாய்த்துவிட்டு நடுவில் மேசை போட்டிருந்தார்கள். விசாரிப்பதும் தண்டனை சொல்வதும் மாணவிகளே. படையின் பொறுப்பாசிரியை கேப்டன் மேடம் ஓரமாக உட்கார்ந்திருப்பார். கேட்டால் மட்டும் பேசுவார்.

அவளுடைய அணித் தலைவி தேச்சம்மா கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"யார் வந்து கேட்டாலும் வாயத் தொறக்காதே போஜி. அணியில எது நடந்தாலும் அதுக்கு லீடர்தான் பதில் சொல்லணும். அதுக்குத்தான் ரெண்டு பட்டை."

"என்ன சொல்லப் போறே?"

"அது என் வேலை."

தேச்சம்மா நல்ல தலைவி. கூடாரம் அடித்தால் காற்றுக்கு அசையாது. சமைத்தால் கடைசியாகச் சாப்பிடுவாள். அடுத்த மாதம் மாநிலத் தேர்வு முகாமுக்குப் போக வேண்டியவள். பதவியில் இருக்கும் அணித் தலைவிகளைத்தான் அங்கே எடுப்பார்கள்.

மழை தூறிக்கொண்டே இருந்தது. குடகில் அந்த வருடம் செப்டம்பரில் வரும் கைல்பொழுது பண்டிகை முடிந்தும் மழை விடவில்லை. போன சனிக்கிழமையும் இப்படித்தான் தூறியது.

அன்று எஸ்டேட்டுக்கு மேலே இருக்கும் மொட்டைக் குன்றுக்கு நடை. அவர்களுடைய சாமந்தி அணி ஒரு பக்கமும் செண்பக அணி மறுபக்கமும் ஏற வேண்டும். உச்சியில் முதலில் அடுப்பு மூட்டும் அணிக்குக் கேடயம். தேச்சம்மா முன்னால் போய்க் கற்களாலும் குச்சிகளாலும் வழிக்குறி வைத்துக்கொண்டே போவாள். மற்றவர்கள் குறி பார்த்து வருவார்கள். கடைசியாக வரும் துணைத் தலைவி ஒவ்வொரு குறியையும் அழித்துவிட்டு வர வேண்டும். காட்டில் பழைய குறி கிடந்தால் அடுத்து வருகிறவர்கள் வழி தப்புவார்கள். அதனால் அந்த விதி.

அணியில் புதியவளான சுரபிதான் தாமதம். அவள் அப்பா தபால் நிலையத்தில் வேலை. புத்தூர் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. அட்டையைக் கண்டால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"ஏய் ரத்ததான முகாம், எழுந்திரு" என்று மற்றவர்கள் கூச்சலிட்டுக்கொண்டே மேலே போய்விட்டார்கள்.

"ஷூவுக்குள்ள போயிடுச்சுக்கா. நீங்க போங்க, இதோ வந்துடறேன்."

"நீ எப்பவும் இதோதான் வர்றே."

போஜம்மா கொஞ்சம் நின்றாள். பிறகு நடந்தாள். ஏலக்காய்த் தோட்டம் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் காட்டி ஓர் அம்பு. ஈரக் கற்களால் நேர்த்தியாக வைத்திருந்தாள் தேச்சம்மா. போஜம்மா திரும்பிப் பார்த்தாள். கீழே வளைவில் மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. சுரபி கையை உயர்த்தி ஆட்டினாள். போஜம்மா அவளைப் பார்த்தபடியே காலால் அம்பைக் கலைத்தாள்.

சற்றுத் தள்ளி மறைந்து நிற்கலாம், கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் நினைத்தாள். நினைத்தாளா, பிறகு அப்படிச் சேர்த்துக்கொண்டாளா என்பது இப்போது அவளுக்கே தெரியவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் மேலேயிருந்து விசில் வந்தது. விட்டு விட்டு, வேகமாக. அந்த விசில் கேட்டால் எதையும் போட்டுவிட்டு ஓடி வந்து கூட வேண்டும். ஓடினாள்.

உச்சியில் தேச்சம்மா விறகு ஒடித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் செண்பக அணியின் புகை தெரிந்ததால் விசில் ஊதியிருக்கிறாள்.

"சுரபி எங்கே?"

"பின்னாடியே வர்றா."

அடுப்பு எரிந்தது. கேடயம் அவர்களுக்குத்தான். சுரபி வரவில்லை.

எஸ்டேட் ஆட்கள் யானையை விரட்டும் பட்டாசை வெடித்துக்கொண்டே தேடினார்கள். வலது பக்கப் பாதை யானைப் பாதை. சுரபி அதில் இறங்கி ஓடைக்குள் விழுந்து கணுக்கால் முறிந்து கிடந்தாள். இருட்டுவதற்கு முன் கிடைத்தாள்.

மன்றத்தின் கதவு திறந்தது. மற்ற தலைவிகள் தேச்சம்மாவைப் பார்க்காமல் கலைந்து போனார்கள். அவள் பையில் பட்டைகள் இருந்த இடத்தில் நூல் பிரிந்து நின்றது.

"என்னடி ஆச்சு?"

"இந்த டெர்ம் முழுக்க லீடர் இல்லை. குறியை உடனே உடனே அழிக்கச் சொன்னது நான்தான்னு சொன்னேன்."

"நீ சொல்லவே இல்லையே."

"கைடு சொன்னா அதை நம்பணும்ங்கிறது விதி. யாரும் திருப்பிக் கேக்கல." தேச்சம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். "கேடயத்துக்காக விசில் ஊதினேன் போஜி. ஆனா அவங்க முன்னாடி அதைச் சொல்ல வாய் வரல. இதைச் சொல்லிட்டேன்." பிறகு கேட்டாள். "நான் ஊதாம இருந்திருந்தா நீ அங்கேயே நின்னிருப்பே இல்ல?"

"நின்னிருப்பேன்" என்றாள் போஜம்மா.

திங்கள்கிழமை கேப்டன் மேடம் போஜம்மாவைக் கூப்பிட்டார். அடுத்த கூட்டத்திலிருந்து அவள்தான் சாமந்தி அணித் தலைவி. பட்டைகளைத் தருவதாகச் சொன்னார். போஜம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேடம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சுரபி வீட்டுக்குப் போனாள். அம்மா செய்து கொடுத்த கடம்புட்டு, அரிசிக் குருணை உருண்டை, கையில் இருந்தது. சுரபி கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். அவள் அம்மா நீர்தோசை ஊற்ற உள்ளே போனார்.

"வலிக்குதா?"

"அரிக்குதுக்கா. வலி போயிடுச்சு." சுரபி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க அம்பை அழிச்சதைப் பாத்தேன்."

போஜம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல. டெஸ்ட்டை வெளிய சொல்லக் கூடாதுல்ல?"

"என்ன டெஸ்ட்?"

"எனக்கு வெச்ச டெஸ்ட்தானே அது? நீங்க என்னைப் பாத்துட்டேதான அழிச்சீங்க. எந்த வழின்னு நானே கண்டுபிடிக்கணும்னு. அதான் கூப்பிடாம வந்தேன். வலது பக்கம் புல் மிதிபட்டிருந்துச்சு. நீங்க எல்லாரும் போன தடம்னு நினைச்சேன். யானைன்னு தோணவே இல்லை." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் ஃபெயிலாக்கா? மறுபடி வைப்பீங்களா?"

சமையலறையில் தோசைக்கல் சீறியது. தோசை வருவதற்குள் போஜம்மா எழுந்துவிட்டாள். வாசல்வரை சுரபியின் அம்மா பின்னால் வந்தார். "உங்க அணியில இருக்கிறதுதான் அவளுக்கு இந்த ஊர்ல ஒரே சந்தோஷம்" என்றார்.

மறுநாள் குழாயடியில் தேச்சம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பார்த்தது, அழித்தது, சுரபி கேட்டது. தேச்சம்மா பாட்டிலில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றே?"

"மன்றத்துல சொல்லப் போறேன்."

"சொல்லு. என்ன ஆகும் தெரியுமா?" குழாயை மூடினாள். "இப்ப எனக்குப் போனது ஒரு டெர்ம். நீ சொன்னா, நான் மன்றத்துல பொய் சொன்னவ. அப்புறம் ஜென்மத்துக்கும் எனக்குப் பட்டை கிடையாது. உனக்காக வாங்கிக்கிட்டதுடி அது. திரும்ப என் தலையிலயே போடுவியா?"

"எனக்காக இல்லை. விசிலை மறைக்கத்தான்."

தேச்சம்மாவின் முகம் மாறியது. "பட்டையை வாங்கிக்க. வாய மூடிக்க. அந்தப் பொண்ணு பாஸ்னு சொல்லிடு. முடிஞ்சது."

அடுத்த கூட்டத்தில் போஜம்மா பட்டைகளை வாங்கிக்கொண்டாள். கேப்டன் மேடம் ஊசி குத்தும்போது எல்லாரும் கைதட்டினார்கள். தேச்சம்மாவும் தட்டினாள். பட்டையை வாங்காவிட்டால் போஜம்மாவால் மன்றத்துக்குள் போக முடியாது.

கூட்டம் முடிந்ததும் மன்றம். அவள் உட்கார்ந்தது தேச்சம்மா உட்காரும் நாற்காலி. செண்பக அணித் தலைவி ரஷ்மி அன்று தலைமை.

"போன மன்றத்துல எடுத்த முடிவு பத்தி யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

வழக்கமாகக் கேட்பதுதான். யாரும் எதுவும் சொல்வதில்லை. ரஷ்மி அடுத்த விஷயத்துக்கு வாயெடுத்துவிட்டாள்.

"எனக்குச் சொல்லணும்" என்றாள் போஜம்மா.

சொன்னாள். மஞ்சள் மழைக்கோட்டு, ஆட்டிய கை, கலைத்த கற்கள். சுருக்கமாகத்தான் சொன்னாள். நீட்டினால் அதில் தனக்குச் சாதகமாக ஏதாவது சேர்ந்துவிடும் என்று தோன்றியது.

ரஷ்மி கேப்டன் மேடத்தைப் பார்த்தாள். மேடம் 'நீயே கேள்' என்பதுபோல் கையைக் காட்டினார்.

"அப்போ தேச்சு சொன்னது?"

"சுரபி வர்றதைப் பாத்துட்டே அழின்னு எனக்கு யாரும் சொல்லல. அது நானாச் செஞ்சது."

"அதைக் கேக்கல. தேச்சு பொய் சொன்னாளா?"

"என்னோடதைத்தான் நான் சொல்ல முடியும். அவளோடதை அவகிட்டயே கேளுங்க."

போஜம்மாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். தேச்சம்மாவை உள்ளே அழைத்தார்கள். கதவருகே இருவரும் எதிர்ப்பட்டார்கள். தேச்சம்மா அவள் பையில் இருந்த பட்டைகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

போஜம்மா பழைய இடத்தில் உட்கார்ந்தாள். உள்ளே ரஷ்மியின் குரல் கேட்டது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஊசியைக் கழற்றிப் பட்டைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

தேச்சம்மா வெளியே வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"விசிலைச் சொல்லிட்டேன்" என்றாள். "அழிக்கச் சொன்னேன்னு சொன்னது பொய்னும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பேசிட்டிருக்காங்க. முகாம் முன்னாடியே போச்சு. மீதி எதெது போகும்னு தெரியல."

போஜம்மா அவள் பக்கம் கையை நீட்டினாள். தேச்சம்மா நகரவில்லை. கையையும் பிடிக்கவில்லை.

"இப்ப எங்கிட்ட பேசாதே போஜி. கொஞ்ச நாளைக்கு."

"சரி."

"அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போ. அது டெஸ்ட் இல்லைன்னு சொல்லு. பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லைன்னு சொல்லு."

போஜம்மா பட்டைகளைப் பெஞ்சின் நடுவில் வைத்துவிட்டு எழுந்தாள். மழை விடவில்லை. தபால் நிலையத்துக்குப் போகும் சரிவில் இறங்கும்போது, சுரபி இனி எந்தக் குறியை நம்புவாள் என்று மட்டும் யோசித்தாள்.