பேச்சுவார்த்தைக்குத் தலைவரும் வருவார்

வெளிநாடு போவதற்கு டாக்டர் விதுஷாவின் முன்னால் பல வழிகள் திறந்துகிடந்தன. ஒவ்வொரு வழியின் வாசலிலும் யாராவது ஒருவர் நின்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். பதுளை வைத்தியசாலையில் அவளோடு ஒரே வாட்டில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக் கேசினி, ஆஸ்திரேலியாவின் பக்கம்.

"சோதினை கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா பிறகு நிரந்தரமா இருக்கலாம். எங்கட சொந்தக்காரர் பாதிப் பேர் அங்கதான் இருக்கினம்."

"ஒங்க சொந்தக்காரங்க அங்க இருக்காங்க. எங்க சொந்தக்காரங்க எல்லாம் தோட்டத்து மேல்பிரிவு லயத்துல இருக்காங்களே, கேசினி."

மருந்துக்கடை ஷப்ராஸ் கட்டாரைச் சிபாரிசு செய்தான். அங்கே சம்பளத்தில் வரி பிடிக்கமாட்டார்கள் என்பது அவனுடைய முதலும் முடிவுமான வாதம். நியூசிலாந்து என்ற பெயரைக் கேட்டதும் அவளுடைய அப்பா அழகையா, "அங்க மலை இருக்காம், குளிர் இருக்காம், தேயிலதான் இல்லியாம். அப்புறம் எதுக்கு அந்த மலை?" என்று கேட்டு அந்த நாட்டையே தள்ளிவைத்துவிட்டார்.

விதுஷா இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தாள். அந்நாட்டு வைத்தியப் பேரவையின் தேர்வுகளையும் தாண்டிவிட்டாள். ஆனால் தேர்வில் சித்தியடைந்தவரை விமானத்தில் ஏற்றிவிட அங்கு யாரும் தயாராக இல்லை. அங்குள்ள வைத்தியசாலை ஒன்று வேலை தந்து, 'இவரை நாங்கள் அழைக்கிறோம்' என்று அனுசரணைச் சான்றிதழும் தந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியும். அவள் அனுப்பிய விண்ணப்பங்களுக்கெல்லாம் 'வருந்துகிறோம்' என்றே பதில் வந்துகொண்டிருந்தது. இதற்கிடையில் தேர்வு முடிவின் செல்லுபடிக் காலமும் தேய்ந்துகொண்டே போனது. அது முடிந்துவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியிருக்க, வட இங்கிலாந்தின் சிறு நகரமொன்றிலிருந்து ஒரே ஓர் அழைப்பு வந்தது: வியாழக்கிழமை பிற்பகல், காணொளி வழியாக நேர்முகப் பரீட்சை.

அன்று அவள் விடுமுறையில் பசறைக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்து வீட்டில் இருந்தாள். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் தொலைபேசிச் சமிக்ஞை எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் இருந்த தொழிற்சங்க அறையில் மட்டுமே இணைய வசதி இருந்தது. அதன் திறப்பு தோட்டத்துச் சங்கத் தலைவர் பொன்னையாவின் இடுப்பில் தொங்கியது. திறப்பு கேட்டுப் போனவள் விதுஷாவின் அம்மா ரெங்கம்மா. தவறு அங்கேதான் நிகழ்ந்தது.

"எதுக்கும்மா தெறப்பு?"

"புள்ளைய வெள்ளக்காரத் தொரைங்க விசாரிக்கப் போறாங்களாம், தலைவரே. வேல விசயமா."

"கூட யாரு போறா?"

"தனியாத்தான்."

பொன்னையா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். அந்தத் தோட்டத்தில் எவரும் தனியாக ஆபீசுக்குப் போனதில்லை. கொழுந்தின் நிறை குறைந்தாலும், கூரை ஒழுகினாலும், முழு நாள் வேலைக்கு அரை நாள் பதியப்பட்டாலும் தலைவர் முன்னே போவார், பேசுவார். குறையுள்ளவர் பின்னால் நிற்பார். அதுதான் முறை. தனியாகப் போனவர்கள் தோட்ட நிர்வாகியான துரை நீட்டிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்த கதைகளை ரெங்கம்மாவும் அறிவாள். தலைவரின் முகத்தைப் பார்த்ததுமே, பெற்ற பிள்ளையை எப்பேர்ப்பட்ட ஆபத்தில் தள்ளவிருந்தோம் என்பது அவளுக்கு உறைத்துவிட்டது.

வியாழக்கிழமை, மேலே கேசினியிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டும் கீழே வீட்டுப் பாவாடையும் இறப்பர்ச் செருப்புமாக விதுஷா அறைக்குள் நுழைந்தபோது, மடிக்கணினிக்கு முன்னால் இரண்டு கதிரைகள் போடப்பட்டிருந்தன. ஒன்றில், வெள்ளைச் சட்டையும் சங்கத்தின் நிறத்தில் சால்வையுமாகப் பொன்னையா அமர்ந்திருந்தார்.

"தலைவரே, இதுல நான் மட்டுந்தான் பேசணும்."

"பேசு புள்ள, யாரு வேணாம்னா? நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். நடுவுல நீ பேசு. நான் முடிச்சு வைக்கிறேன்."

அவரை எழுப்புவதற்குள் திரை ஒளிர்ந்துவிட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த நரைத்த பெண்மணி, விசேட வைத்தியர் விட்கம். பக்கத்தில், ஊழியர் நியமனங்களைக் கவனிக்கும் ஆளணிப் பிரிவைச் சேர்ந்த பிரிச்சர்ட்.

"உங்களோடு இன்னொருவர் இருக்கிறாரே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் விட்கம்.

"எங்கள் சமூகத் தலைவர். இணைய வசதி செய்து தந்தவர்" என்று விதுஷா ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும் முன்பே பொன்னையா எழுந்து நின்றுவிட்டார்.

"தொரைமாருக்கு வணக்கம். இது படிச்ச புள்ள. அர நாள் போடுற வேலயெல்லாம் இவகிட்ட வச்சுக்கக் கூடாது. தீவாளி முற்பணம் தீவாளிக்கு முன்னாடியே வரணும், பின்னாடி வந்தா அது முற்பணம் இல்ல. குடுக்குற காம்பரா ஒழுகக் கூடாது!" கடைசி வாக்கியத்துக்கு மேசையில் ஒரு குத்து விழுந்தது. மடிக்கணினி துள்ளியது.

"உங்களுக்கு வணக்கம் சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தாள் விதுஷா.

"நீளமான வணக்கம்" என்றார் பிரிச்சர்ட்.

"என்னவாம்?" என்றார் பொன்னையா.

"யோசிச்சுச் சொல்றாங்களாம்."

"இப்படித்தான் எப்பவும் சொல்லுவாங்க" என்று அவர் உட்கார்ந்தார்.

முதல் கேள்வி காய்ச்சலோடும் குறைந்த இரத்த அழுத்தத்தோடும் வந்த நோயாளியைப் பற்றியது. இது அவளுக்குத் தூக்கத்திலும் தெரிந்த பாடம். நன்றாகத்தான் தொடங்கினாள்.

"யாருக்குக் காய்ச்சல்?" என்று காதருகே குரல் வந்தது.

"அங்க உள்ள ஒருத்தருக்கு. சும்மா இருங்க தலைவரே."

"சம்பளத்தோட லீவு குடுத்தாங்களான்னு கேளு."

விதுஷா திரையைப் பார்த்துத் தொடர்ந்தாள்: "முதல் மணித்தியாலத்துக்குள் இரத்தப் பரிசோதனை, நாளம் வழியாகத் திரவம், சம்பளத்தோடு விடுமுறை..."

பிரிச்சர்ட் அதை அப்படியே எழுதிக்கொண்டார். விட்கம் கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கிருந்த ஒரே வாய்ப்பு கண்முன்னே மூழ்குவதை விதுஷா கண்டாள். கேசினியின் கோட்டுக்குள் வியர்வை வழிந்தது.

"கடைசிக் கேள்வி" என்றார் விட்கம். "நோயாளியின் உறவினர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், ஆனால் உங்களை வேலை செய்யவே விடாமல் குறுக்கிடுகிறார். அந்த அனுபவம் உண்டா? எப்படிச் சமாளித்தீர்கள்?"

இதற்கு அவள் மனப்பாடம் செய்த விடை ஒன்றிருந்தது. அதில் கற்பனையான ஒரு மாமியார் வருவார். வாயைத் திறந்தாள். விலாவில் ஒரு விரல் குத்தியது.

"கூரையப் பத்தி என்ன சொன்னாங்க?"

விதுஷா வாயை மூடினாள். பிறகு, பொன்னையாவின் முகம் முழுதாகத் தெரியும்படி மடிக்கணினியைத் திருப்பிவைத்தாள்.

"அந்த அனுபவம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது" என்றாள் ஆங்கிலத்தில். "என் மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள். இவர் வணக்கம் மட்டும் சொல்லவில்லை. முற்பணமும் ஒழுகாத அறையும் கேட்டார். எங்கள் தோட்டத்தில் மேலதிகாரியின் முன் எவரையும் தனியாக அனுப்பமாட்டோம். அனுமதித்தால், எப்படிச் சமாளிப்பேன் என்பதை இப்போதே செய்து காட்டுகிறேன்."

இரு தலைகளும் திரையை நோக்கி நெருங்கின. விதுஷா, வாட்டில் உறவினர்களிடம் செய்வதுபோலவே, கதிரையை அவர் பக்கம் திருப்பி அவர் கண்மட்டத்துக்குக் குனிந்தாள்.

"தலைவரே, ஒங்களுக்கு எதுல பயம்?"

"பயமா? எனக்கா? பொலிஸ் ஜீப்பு முன்னாடி படுத்தவன் நான்!"

அவள் கதிரையை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள். பொன்னையா சால்வையின் நுனியை முறுக்கினார்.

"அங்க ஒன்னை ஆபீசுக்குக் கூப்பிட்டா, பக்கத்துல நிக்க யாரு புள்ள இருக்கா?"

இந்த முறை அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தாள். விட்கம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"எங்களுக்கும் சங்கம் உண்டு என்று சொல்லுங்கள். எந்த விசாரணைக்கும் ஒரு பிரதிநிதி கூடவே வருவார். அடுத்த வாரம் எங்கள் வைத்தியர்கள் வேலைநிறுத்தம்கூடச் செய்யப்போகிறார்கள்."

பிரிச்சர்ட் பலமாக இருமினார்.

"ஸ்ட்ரைக்கா?" பொன்னையாவின் முகம் மலர்ந்தது. "அத மொதல்லயே சொல்லாம காய்ச்சல்காரனப் பத்திப் பேசி நேரத்த வீணாக்கிட்டாங்களே! சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடுன்னு கேளு. ஸ்ட்ரைக்கு படுக்கிறது அதுலதான்."

அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள் என்று விட்கம் சொன்னார். கூட்டாகச் சமைத்தால்தான் ஆட்கள் பிரியாமல் நிற்பார்கள் என்று பொன்னையா அனுப்பிய ஆலோசனையை அவர் மெய்யாகவே குறித்துக்கொண்டார்.

"இப்ப நான் கொஞ்சம் தனியாப் பேசட்டுமா, தலைவரே?"

"பேசு, பேசு. இவங்க நம்ம ஆளுங்கதான்." அவர் வெளியே போய், வாசலில் கூடியிருந்த பிள்ளைக்காம்பராச் சிறுசுகளை அதட்டி அமைதியாக்கினார். விதுஷா காய்ச்சல் கேள்விக்கு மறுபடி விடை சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டாள். இம்முறை விடுமுறை எதுவும் கொடுக்காமல் நோயாளியைக் காப்பாற்றினாள்.

அடுத்த வாரம் சங்க அறையில் மடிக்கணினியைத் திறந்தபோது மின்னஞ்சல் வந்திருந்தது. வேலை, விசாவுக்கான அனுசரணைச் சான்றிதழ், முதல் மாதம் தங்க அறை. கீழே, 'உங்கள் பிரதிநிதிக்கு எங்கள் மரியாதை' என்று ஒரு வரி. அவள் அங்கேயே 'சம்மதம்' என்று பதில் எழுதிவிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடினாள்.

"கெடச்சிருச்சு தலைவரே!"

பொன்னையா எல்லா விவரங்களையும் கேட்டார். தராசைச் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி. ஒடனே ஒத்துக்காத. ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்க. அடுத்த சுத்துல இன்னும் ஏறும்."

"ஒத்துக்கிட்டேனே."

"எப்ப?"

"இப்பத்தான்."

தலைவர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். கொழுந்துக் கூடையோடு ஓடிவந்த ரெங்கம்மா மகளைக் கட்டிக்கொள்ள, பெண்கள் குலவையிட, மடுவமே அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் பொன்னையா விதுஷாவின் காதருகே குனிந்தார்.

"மொதப் பேச்சுலயே தலையாட்டிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. என் பேரு கெட்டுரும். மூணு சுத்துப் பேசினோம்னு சொல்லு."