பைன் காட்டில் இறக்கிவிட்டவை

ஜெயராஜின் சின்ன லொறி தோட்டத்து வளைவில் உறுமினால் அடுத்த கால்மணி நேரத்தில் குரங்குகள் வந்துவிடும் என்று முதலில் சொன்னவர் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் இராமநாதன். கேலிக்குத்தான் சொன்னார். உன் தம்பி வரும்போது சம்பந்திமாரையும் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று சந்திரிகாவிடம் சொல்லிச் சிரித்தார். சந்திரிகா சிரிக்கிற நிலையில் இல்லை.

கம்பளைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் அவள். முழங்கால் போனபிறகு மலை ஏற முடியவில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவைத் தானே கொத்தி, கல் பொறுக்கி, போஞ்சி போட்டாள். இரண்டு போகம் நன்றாகக் காய்த்தது. மூன்றாவதில் குரங்கு இறங்கியது. இந்தப் போகமும் போனால் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று பாஸ்போட்டை எடுத்து அலுமாரிமேல் வைத்திருந்தாள். முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்டால், வீட்டுத் தரை மட்டமாகத்தானே இருக்கும் என்றாள். புருஷன் இல்லை. பதின்மூன்று வயது மகள் பிரேமிளாவை யாரிடம் விடுவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஜெயராஜ் எழுந்துபோய் லொறி டயரைப் பார்ப்பான்.

இராமநாதன் கவனித்துப் பேசுகிற மனிதர். தோட்டத்துக் குரங்குகள் சீனவெடிக்கு ஓடும். இவை தலையைக்கூடத் திருப்பவில்லை. சொப்பிங் பையின் முடிச்சை அவிழ்க்கத் தெரிந்திருந்தது. வாளி மூடியைத் திருகித் திறந்தன. டவுனில் படித்த குரங்குகள் என்றார்.

அது எந்த டவுன் என்று ஜெயராஜுக்குத் தெரியும். சொன்னால் தன் பெயர்தான் வெளியே வரும்.

கண்டியில் உடவத்தகெலே காட்டை ஒட்டிய ஒரு வீதியில் குரங்குத் தொல்லை. ஓட்டைக் கிளப்பும், தண்ணீர்த் தாங்கிக்குள் இறங்கிக் குளிக்கும், குசினிக்குள் புகுந்து சோற்றுப் பானையைக் கவிழ்க்கும். வீதிக்காரர்கள் சங்கம் போட்டு இரண்டு இரும்புக் கூடு செய்தார்கள். பாணும் வாழைப்பழமும் வைத்துப் பிடிப்பது அவர்கள் வேலை. விடியற்காலையில் லொறியில் ஏற்றி எங்காவது காட்டில் விடுவது ஜெயராஜின் வேலை. எந்தக் காடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அனுமதியும் கிடையாது.

காட்டைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். அக்காவின் தோட்டத்துக்கு மேலே மலை முழுக்கப் பைன் நிற்கிறது. தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவனுக்குத் தேயிலை இல்லாத இடமெல்லாம் காடு. மரம் இருக்கிறது, ஆள் இல்லை. குரங்குக்கு வேறென்ன வேண்டும்? கூட்டைத் திறந்துவிட்டு அப்படியே இறங்கினால் அக்கா கையால் தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைக்கும். மூன்று தடவையில் பதினேழை இறக்கினான். அவற்றுக்கு நல்லது செய்வதாகக்கூட ஒரு நினைப்பு.

அவற்றில் ஒரு பெண்குரங்குக்கு இடதுகை முழங்கையோடு முடிந்திருந்தது. மின்கம்பியில் கருகிய கை. போகிற வழியில் மற்றக் கையைக் கூட்டுக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தது. தன் பாணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான்.

அந்தக் குரங்கைத் தேடிக்கொண்டு ஜஹானா ஜெயராஜிடம் வந்தாள். மடவளை ஊர்ப் பிள்ளை, பேராதனைக் கம்பஸில் குரங்குகளைப் பற்றிப் படிக்கிறாள். குறிப்புக் கொப்பியும் கையுமாக அந்த வீதியில் நின்று ஒவ்வொன்றையும் முகம் பார்த்தே அடையாளம் சொல்லுவாள். ஒற்றைக்கைக்காரியை எங்கே விட்டீர்கள் என்று கேட்டாள். இவன் சொன்னான்.

“பைன்லயா? அங்க திங்க என்ன அண்ணன் இருக்கு?”

“காடுதானே தங்கச்சி.”

“அது வரிசையா நட்ட மரம். உங்கட தேயில மாதிரித்தான். அதுகளுக்குப் பழம் வேணும், பூச்சி வேணும்.”

அப்புறம் கோபமில்லாமல் விளக்கினாள். ஆண்குரங்கு வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். பெண் போகாது. பிறந்த கூட்டத்திலேயே தாயோடும் சகோதரிகளோடும் இருந்து சாகும்.

“அதுட உம்மா இன்னும் இந்தக் கூரைலதான் இருக்கு,” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போஞ்சிப் பாத்தியைச் சுற்றிக் கட்டக் கம்பிவலை ஒரு சுருள் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். லொறியை நிறுத்தி இறங்குவதற்குள் லயத்துத் தகரத்தில் தடதடவென்று சத்தம். ஒன்று மட்டும் கீழே குதித்து, மூன்று காலில் நடந்து வந்து, அவனுக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டியது.

சந்திரிகா போஞ்சிக் கூடையோடு நின்று பார்த்தாள்.

“ஒன்னத் தெரியுமா அதுக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

“ஏன்டா, ஒனக்கு வேற காடே கெடைக்கலயா?”

“ஒன்னப் பாத்துட்டுப் போலாம்னுதான்க்கா.”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கடித்துத் துப்பிய பிஞ்சுகள் பாத்தி முழுக்கக் கிடந்தன. தினமும் பதினொன்று வருகின்றன என்றாள். பதினேழில் மிச்சம் ஆறு பசியில் செத்தனவா, நாய் பிடித்ததா, இருவருக்கும் தெரியாது.

“புடிச்ச எடத்துலயே கொண்டுபோய் விடு. அப்பறம் சவூதி ஏஜென்சிக்காரனுக்கு என்ன சொல்றதுன்னு பாப்பம்.”

அப்படிச் செய்தால் சங்கத்து வேலை போய்விடும் என்றான்.

“நான் போறதவிட அது போகட்டும்.”

இரவு அங்கேயே தங்கினான். விடிந்ததும் லொறியில் கிடந்த கூட்டை இறக்கிப் பாண் வைத்தான். ஒற்றைக்கைக்காரி தானாகவே நுழைந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று. மற்றவை தகரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. அவற்றுக்குக் கூடு ஞாபகம் இருந்தது.

பேராதனைச் சந்தியில் கால் தானாகப் பிரேக்கில் போனது. கலகெதரப் பக்கம் நல்ல மழைக்காடு இருக்கிறது என்று யாரோ சொன்ன ஞாபகம். வேலையும் தப்பும், அக்காவுக்கும் தெரியவராது. ஆனால் அந்தக் காட்டுக்குக் கீழேயும் ஒருத்தி வாழையோ மரவள்ளியோ நட்டிருப்பாள். பின்னாலிருந்து பஸ்காரன் ஹோன் அடித்தான். ஜெயராஜ் கண்டிக்கே விட்டான்.

ஸ்கூல் விட்டு வான்கள் ஓடுகிற நேரத்தில், அதே வீதியில், எல்லோரும் பார்க்கக் கூட்டைத் திறந்தான். ஒற்றைக்கைக்காரி மதிலைப் பற்றி ஏறியது. பலாமரத்தின் கீழ்க்கிளையில் ஒரு கிழட்டுக் குரங்கு உட்கார்ந்திருந்தது. இது போய் அதன் பக்கத்தில் குந்தியது. கிழடு முகர்ந்து பார்த்தது; பிறகு இதன் முதுகு மயிரைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது.

சங்கத்துச் செயலாளர் சாரத்தோடு கேட்டுக்கு ஓடிவந்து இதென்ன வேலை என்று சத்தம் போட்டார். அவை இந்த வீதிக் குரங்குகள், இன்னும் ஏழு அங்கே நிற்கின்றன, இந்த வாரத்துக்குள் கொண்டுவந்துவிடுவேன் என்றான் ஜெயராஜ். மற்றக் கூட்டையும் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றும் சொன்னான். அவர் கொடுக்கவில்லை. இனி இந்தப் பக்கம் வராதே என்றார்.

பேராதனைப் பாலம் தாண்டியதும் லொறியை ஓரங்கட்டி அக்காவுக்குப் போன் எடுத்தான்.

“எத்தன உட்ட?”

“நாலு.”

“அப்ப ஏழு இருக்கு,” என்றாள். அவளுக்குப் பின்னால் பிரேமிளா தகரம் தட்டி விரட்டும் சத்தம் கேட்டது. “ஏஜென்சிக்காரன் காலையில போன் எடுத்தான். அடுத்த மாசம் எடுன்னேன். நீ வரும்போது பாண் வாங்கிட்டு வா.”

ஜெயராஜ் லொறியைக் கம்பளைப் பக்கம் திருப்பினான். பின்னால் வெறும் கூடு குலுங்கிக்கொண்டே வந்தது.