இருபத்து மூன்று நீலக் கிடாக்கள்

ஏவிஸ் டன்க்ளியின் இருபத்து மூன்று மெரினோ செம்மறிக் கிடாக்களையும் ஒரே மத்தியானத்தில் நான் நீலமாக்கினேன். பட்டியில் நின்ற கிடாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தன. நீலமானது படத்தில்தான். அந்தப் படங்கள் ஏலத்துக்கான கேட்லாக்கில் அச்சாகி, இருநூறு பண்ணைகளுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

நான் கிளெம் ஹார்கிரீவ். முப்பத்தொரு வருஷம் கம்பளி ரோமத்தைத் தரம் பிரித்தவன். ஓய்வு பெற்றபோது ரோமம் வெட்டுகிற கொட்டகைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். கடிகாரம் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

கேமரா வந்ததும் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரோடு படங்களைத் திருத்துகிற மென்பொருள் வந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல, நூலகத்தில் வேலை பார்க்கும் என் மனைவி நோலா ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அறுநூற்று நாற்பது பக்கம். கீழே போட்டால் கால் விரல் போய்விடும். கடற்கரையில் மணப்பெண், சிவப்புக் கார், பனிமலை, தக்காளி என்று எல்லாவற்றின் நிறத்தையும் சரிசெய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். அறுநூற்று நாற்பது பக்கத்தில் ஒரு ஆடு கூட இல்லை.

ஏழாம் அத்தியாயம் வரை படித்ததும் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளப்பில் போய், "படம்னா என்கிட்ட கொடுங்க, நிறத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று அளந்துவிட்டேன். பக்கத்து மேஜையில் ஏவிஸ் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அது முதல் ஏலம். அப்பா போன பிறகு கிடாப் பண்ணையை அவள் எடுத்துக்கொண்டாள். அண்ணன் ராஸுக்கு அது பிடிக்கவில்லை. இந்த வருஷம் கிடாக்கள் விற்காவிட்டால் மந்தையைக் கலைத்துவிட்டு நிலம் முழுவதும் கோதுமை போடுவது என்று இருவருக்கும் பேச்சு. ராஸ் இப்போதே விதைக்கிற இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தான். அவ்வளவு பெரிய விஷயத்தை நம்பி ஏழு அத்தியாயம் படித்தவன் கையில் கொடுத்தாள் அந்தப் பெண்.

கிடா வாங்குகிறவன் கேட்லாக்கில் முதலில் பார்ப்பது ரோமத்தைத்தான். ஒருவர் கிடாவைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இரண்டு கையாலும் தோள்பக்கத்து ரோமத்தை விரித்துக் காட்ட, அதைக் கிட்டே போய் எடுக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தேன். எடுத்ததெல்லாம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. புத்தகத்தைத் திறந்தேன். கண்ணுக்கு மருந்து விடுகிற சொட்டுக்குழாய் மாதிரி ஒரு சின்னம் திரையில் இருக்கும், அதை எடு, படத்தில் எது வெள்ளையாக இருக்க வேண்டுமோ அதில் குத்து, மற்ற நிறமெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றது புத்தகம்.

வெள்ளை என்றால் எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கினேன்? விரித்த ரோமத்தின் நடுவில் குத்தினேன். இருபத்து மூன்று தடவை.

ரோமம் பளீரென்று வெளுத்தது. எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

நல்ல மெரினோ ரோமத்தை நாங்கள் வெள்ளை என்போம். வெள்ளை என்றேதான் ஏட்டில் எழுதுவோம். உண்மையில் அது வெண்ணெயின் நிறம். அதைக் காகித வெள்ளையாக்கு என்று நான் சொன்னதும், கம்ப்யூட்டர் படத்திலிருந்த மஞ்சளையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டது. கிடாக்களின் மூக்கு கத்திரிப்பூ நிறமாயிற்று. கொம்பு ஈயமாயிற்று. ரோமத்தை விரித்துப் பிடித்த ஏவிஸின் விரல்கள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவை மாதிரி ஆயின. இதெல்லாம் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்பீர்கள். முப்பத்தொரு வருஷமாக நான் ஆட்டைப் பார்த்ததே இல்லை. ரோமத்தைத்தான் பார்த்தேன்.

நோலா சாப்பாட்டு மேஜையில் கேட்லாக்கைப் பிரித்து, ஒரு படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு கேட்டாள். "கிளெம், ஏவிஸுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கா?"

"இல்ல, கையைப் பாத்தா செத்து மூணு நாள் ஆன மாதிரி இருக்கே."

வண்டியை எடுத்துக்கொண்டு ஏவிஸ் வீட்டுக்கு ஓடினேன். அவள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொட்டுத் தூறல் இல்லாத மூன்றாவது வருஷம் அது. தொட்டியில் தண்ணீரைவிடச் சேறுதான் இருந்தது.

"கேட்லாக் பாத்தியா, ஏவிஸ்?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

தொட்டிக்குள் குனிந்துகொண்டே சொன்னாள். "மோசமில்ல."

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வாழ்க்கையையே ஓட்டிவிடலாம். மழை பெய்தாலும் மோசமில்லை. குழந்தை பிறந்தாலும் மோசமில்லை. டிராக்டர் கால்மேல் ஏறி, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைக் கேட்டாலும் அதையேதான் சொல்வான்.

கிளப்பிலும் அதே பாட்டு. "மோசமில்ல கிளெம், புதுசா இருக்கு," என்றான் ஒருவன். "பேப்பர் நல்ல பேப்பர்," என்றான் இன்னொருவன். ஆனால் ஏவிஸுக்கு வந்த போன்கள் வேறு மாதிரி. எண்பது மைல் தள்ளியிருக்கிற ஒரு பண்ணைக்காரர், "ஏம்மா, கிடாவையெல்லாம் சொட்டு நீலம் போட்டு அலசினியா?" என்று கேட்டாராம். கிடாவின் ரோமத்தை வெளுத்து ஏமாற்றினாள் என்று பேச்சு வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அந்தப் பண்ணையின் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். இதை ஏவிஸ் என்னிடம் சொல்லவில்லை. ராஸ்தான் சொன்னான், பல்லெல்லாம் தெரிய.

ஏலத்துக்கு மூன்று வாரம் இருந்தது. எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்து, சரியாகத் திருத்தி, தனித் தாளாக அச்சடித்து அத்தனை பேருக்கும் அனுப்புகிறேன் என்று ஏவிஸிடம் சொன்னேன்.

"உன் இஷ்டம்," என்றாள்.

"உனக்கு இஷ்டமா, இல்லையா?"

"நீதான்பா புத்தகம் படிச்சவன்."

அன்று ராத்திரியே ஏழாம் அத்தியாயத்தை விட்டுவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போனேன். அதை நான் படித்திருக்கவே இல்லை. முன்னுரை மாதிரி இருந்ததால் தாண்டிவிட்டேன். திரையைச் சுற்றி இருக்கிற நிறங்கள் கண்ணை ஏமாற்றும், அறை சாம்பல் நிறமாக இருக்கட்டும் என்று அங்கே போட்டிருந்தது. என் கம்ப்யூட்டர் இருந்த அறையில் நோலா தைத்த பூசணி நிறத் திரைச்சீலை. அதைக் கழற்றிவிட்டு, கொட்டகையில் கிடந்த சாம்பல் கம்பளிப் போர்வைகளை நாலு பக்கமும் ஆணி அடித்தேன். சட்டை நிறமும் திரையில் பிரதிபலிக்கும் என்றிருந்ததால் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நோலா எட்டிப் பார்த்தாள். "என்ன, சன்னியாசம் வாங்கிட்டியா?"

"நிறம் சரியாத் தெரியணும், நோலா."

"என் திரைச்சீலையைக் கழட்டின கையை முதல்ல சரி பண்றேன், இரு."

வெள்ளையில் குத்தாதே, சாம்பலில் குத்து என்பது ஒன்பதாம் அத்தியாயம். நீலமும் சேராத, மஞ்சளும் சேராத சுத்தமான சாம்பல் அட்டையைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம், அட்டை இல்லாமல் ஒரு படம். முதல் படத்தில் சாம்பலைக் குத்திக் கிடைக்கிற திருத்தத்தை இரண்டாவதுக்கும் போட்டுவிட வேண்டியதுதான். அந்தச் சாம்பல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே அச்சாகி இருந்தது. 'கிழித்துப் பயன்படுத்தவும்' என்று ஓரத்தில் புள்ளிக்கோடு வேறு.

"கிழிச்சே, உன் பேரை நூலகத்துலேர்ந்து நானே அடிச்சுடுவேன்," என்றாள் நோலா. "மொத்தமா எடுத்துட்டுப் போ. நானும் வந்து பிடிக்கறேன்."

அப்படியாக, ஏவிஸ் ரோமத்தை விரிக்க, ராஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடாவின் தலையைப் பிடிக்க, நூலக மேலாடையோடு நோலா அறுநூற்று நாற்பது பக்கத்தையும் கடைசிப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தூக்கிப் பிடிக்க, நான் மண்டிபோட்டுப் படம் எடுத்தேன். ஆறு கிடாக்கள் மரியாதையாக நின்றன. ஏழாம் நம்பர் தலையைத் திருப்பியது. ராஸ் யாரையோ பார்த்துக் கையசைத்த நேரம் அது.

"ஏய், ஏய், ஏய்!" என்று கத்தினாள் நோலா.

பக்கத்தில் பாதி அதன் வாய்க்குள் போய்விட்டது. புத்தகத்துக்குள் ஆடு இல்லாவிட்டாலும் ஆட்டுக்குள் கொஞ்சம் புத்தகம் போன பெருமை எனக்கு. ஏவிஸ் கிடாவைவிட்டு விலகிப் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேட்லாக் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"தின்ன பக்கத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் நோலா.

"கேட்லாக்ல போட்டுடலாம்," என்றாள் ஏவிஸ். "ஏழாம் நம்பர், நல்லாப் படிச்ச கிடா."

மிச்சமிருந்த கிடாக்களுக்கு அந்தப் பாதிப் பக்கமே போதுமானதாக இருந்தது. மறுநாள் போர்வைக் கூண்டுக்குள் உட்கார்ந்து சாம்பலைக் குத்தினேன். ரோமம் வெண்ணெயாக வந்தது. மூக்கு மூக்கின் நிறத்தில் வந்தது. ரோமத்தின் நுனியில் ஒட்டியிருந்த செம்மண் தூசிகூட வந்தது. ஏவிஸின் கைக்கு உயிர் வந்ததும் நான் நாற்காலியைவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

பதினோராம் நம்பரில்தான் சிக்கல். மந்தையிலேயே உடல்கட்டு உள்ள கிடா. ஏவிஸ் பெரிதாக நம்பியிருந்தது அதைத்தான். ரோமத்தின் அடியில், தோலுக்குப் பக்கத்தில், லேசாக ஒரு மஞ்சள் கறை. கழுவினாலும் போகாது, விலை இறங்கிவிடும். தடவிப் பார்க்காமலே படத்தில் தெரிந்தது. திரையில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரே ஒரு பட்டையை அரை விரலளவு நகர்த்தினால் போதும், மஞ்சள் போய்விடும். யாருக்கும் தெரியாது. என் கை மௌஸின் மேல் இருந்தது. ஏவிஸுக்குப் போன் போட்டேன்.

"பதினொண்ணுல அடியில கொஞ்சம் மஞ்சள் தெரியுது. எடுத்துடவா, விட்டுடவா?"

அவள் திருப்பிக் கேட்டாள்.

"ஆட்டுல இருக்கா, படத்துல இருக்கா?"

"ஆட்டுல."

"பாத்து செய், கிளெம்," என்று போனை வைத்துவிட்டாள்.

பாத்து செய்! நான் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு தடவை எல்லாக் கிடாவையும் வெள்ளையாக்கி அவளுக்கு நான் தேடிக்கொடுத்த பேரையும் நினைத்துப் பார்த்தேன். பட்டையைத் தொடவில்லை. தாளின் தலையில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: 'முதலில் வந்த நீலம் கிளெம் ஹார்கிரீவின் கைவரிசை. கிடாக்களுக்கும் ஏவிஸ் டன்க்ளிக்கும் அதில் பங்கில்லை.'

ஏல நாள் வந்தது. பத்து மணிக்கு ஏவிஸின் வாசலில் வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்தன. பதினொரு மணிக்கு நிற்க இடமில்லை. அவளுடைய அப்பா காலத்தில்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்றார்கள். பாதிப்பேர் நீலக் கிடாவைப் பார்க்க வந்தவர்கள். ஒருவர் பேத்தியையே அழைத்து வந்திருந்தார். நீலம் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் குழந்தை அழுதது.

வாங்குகிறவர்களில் வார்விக் மெல்ட்ரம் என்றொருவர். அவர் எங்கே கிடா வாங்குகிறாரோ அங்கே மற்றவர்களும் வாங்குவார்கள். மனிதர் வாய் திறப்பது அபூர்வம். நான் அனுப்பிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு பட்டியாகப் போனார். ரோமத்தை விரித்தார், தாளைப் பக்கத்தில் வைத்தார், பார்த்தார், அடுத்ததற்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பதினோராம் நம்பரில் ரொம்ப நேரம் நின்றார். அடியிலிருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்தார். தாளைப் பார்த்தார். திரும்ப ரோமத்தைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு, வார்விக்?" என்றேன். தாங்கவில்லை.

"மோசமில்ல," என்றார்.

ஏலம் ஆரம்பமாயிற்று. முதல் பத்தில் எட்டு போயிற்று. பதினொன்று வந்தது. கூட்டத்தில் தாள்கள் சலசலத்தன. மஞ்சளை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஏலக்காரர் இரண்டு தடவை கூவியும் யாரும் அசையவில்லை. வேலியோரம் ஏவிஸ் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டையை அரை விரலளவு நகர்த்தியிருக்கலாமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வார்விக் தொப்பியைத் தொட்டார்.

அவர் தொட்டதும் இன்னொருவர் கை தூக்கினார். அப்புறம் மூன்றாமவர். கடைசியில் வார்விக்தான் எடுத்தார். எழுந்து போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "குறையைக் காட்டியிருக்கா. அப்ப மத்ததெல்லாம் காட்டினபடிதான் இருக்கும்." மனிதர் அந்த வருஷம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு கைகள் தூங்கவில்லை. முதல் பத்தில் விலைபோகாமல் நின்ற, படித்த ஏழாம் நம்பரைக்கூட ஒருவர் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார். மொத்தத்தில் இரண்டு கிடாதான் தங்கியது.

ராஸ் வந்து ஏவிஸிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னான். "அதை வித்துடு," என்று அவள் சொன்ன பதில் மட்டும் என் காதில் விழுந்தது. விதைக்கிற இயந்திரம் என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் கொட்டகையில் நோலா மிச்ச லாமிங்டன் கேக்குகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏவிஸ் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள், நான் துடைத்தேன். பன்னிரண்டு கோப்பை வரை பொறுத்துப் பார்த்தேன்.

"ஏவிஸ், ஒண்ணு கேட்பேன். மோசமில்லன்னு மட்டும் சொல்லாத."

"கேளு."

"முதல் கேட்லாக் எப்படி இருந்துச்சு?"

கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"படுகேவலமா இருந்துச்சு, கிளெம். பிரிச்சுப் பாத்துட்டு, இதே கொட்டகையில கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். வெளிய வந்து உன்னை வண்டியேத்திக் கொல்லணும்னு சாவியைக்கூடக் கையில எடுத்தேன். அன்னிக்கு டீசல் இல்ல, அதான் நீ உயிரோட இருக்கே. ரெண்டாவது சரியா இருந்துச்சு. இன்னிக்கு இத்தனை போனது அதாலதான். அடுத்த வருஷமும் நீதான் எடுக்கறே, ஆனா அதுக்குள்ள அந்தப் பாழாப்போன புத்தகத்தை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சுட்டு வா."