பென்சில் அளவு இடைவெளி

காலை ஆறரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அக்கா, உங்க ஏர் ஃப்ரையரை ஒரு நாளைக்குக் குடுக்கறீங்களா?" என்று கேட்டபோது, மெஷினை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். எண்ணெய் இல்லாமல் சூடான காற்றிலேயே பொரிக்குமாம்; என் மகன் வாங்கித் தந்து ஆறு மாதமாக அட்டைப்பெட்டியிலேயே தூங்கும் சாமான். ஆனால் ஆயுசு முழுக்க மோட்டார் பட்டறையில் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டிய மனிதர் காலங்கார்த்தாலே சமையல் சாமான் கேட்டு வந்தால், காரணம் தெரியாமல் எனக்குக் காப்பி இறங்காது. மெஷினுக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பாதிக் காரணம் எனக்கு முன்பே தெரியும். எங்கள் இரண்டு சமையலறைக்கும் நடுவில் இருப்பதற்குச் சுவர் என்று பெயர்தான். விரல்கள் லேசாக நடுங்க ஆரம்பித்ததும், மூன்று மாதத்துக்கு முன் பட்டறையில் அவரை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடம் செம்புக் கம்பியை ஒரு சுற்றுப் பிசகாமல் கட்டிய கை. அவர் மனைவிக்கு நூலகத்தில் வேலை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அங்கே ஆளாளுக்கு வீட்டில் செய்த பண்டம் கொண்டுவருவார்கள். இவள் மட்டும் கடை பிஸ்கட். இன்றைக்கு அந்த வெள்ளி. போன வாரம் கூட வேலை செய்யும் ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் சும்மாதானே இருக்காரு, அவரையே செய்யச் சொல்லுங்க" என்றாளாம். இவள் அதை வேடிக்கையாக வந்து சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் சிரித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மேஜையில் எஃகு அளவுகோல். பக்கத்தில் மாவைக் கயிறாகத் திரித்து, அளந்து, ஒரே நீளத்தில் வெட்டி அடுக்கியிருந்தார்.

"பிரெட்ஸெல் டாக் அக்கா. சாசேஜ்னு குழல் மாதிரி கறி, அதைச் சுத்தி மாவு. சோடா உப்புப் போட்ட சுடுதண்ணில முக்கி எடுத்தா நல்லா செவக்குமாம்."

"பேரே வாயில நுழையலையே தம்பி, பண்டம் நுழையுமா?"

அவர் மாவின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு சாசேஜைத்தான் திருப்பினார். சுற்றோடு சுற்று ஒட்டி, ஊசி நுழைய இடமில்லாமல் மாவு ஏறியது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நடுக்கத்தை அடக்கினார். ஆறு முடிந்ததும் சோடாத் தண்ணீரில் முக்கி, முட்டை தடவி, கல்லுப்புத் தூவி உள்ளே வைத்தார்.

ஐந்தாவது நிமிடம் 'டப்' என்றது. தட்டை இழுத்தால், ஆறும் நீளவாக்கில் வெடித்து, சாசேஜ்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மோட்டார் புகைஞ்சிடுச்சு போலிருக்கே."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாதிப் பின்னலோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "விடுங்க. போற வழியில பிஸ்கட் வாங்கிக்கறேன்" என்றாள், ரொம்ப இதமாக. திட்டியிருந்தால்கூட அவர் முகம் அப்படிச் சுருங்கியிருக்காது.

வெடித்ததில் ஒன்றை எடுத்து, எரிந்துபோன காயிலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடமே விடலை அக்கா. கம்பி உப்பாது. இது உப்புது."

"அப்ப விட்டுச் சுத்துங்க."

"இடைவெளி விட்டா திட்டு வாங்கின கை. விடுன்னா விடமாட்டேங்குதே."

போய் ஒரு பென்சில் கொண்டுவந்தார். ஒரு சுற்று, பக்கத்தில் பென்சில், அடுத்த சுற்று. இந்த முறை மணிக்கட்டைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. ஒரு கையில் சாசேஜ், ஒரு கையில் பென்சில். விரல் நடுங்கியது. சுற்றுகள் கொஞ்சம் முன்னே பின்னே போயின. மாவு அதைப் பொருட்படுத்தவே இல்லை.

எட்டு நிமிடம் நாங்கள் மூவரும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் வரவில்லை. தட்டை இழுத்தார். புதுச் செம்புக் கம்பியின் பளபளப்பில், செக்கச்செவேலென்று ஆறு. அவள் ஒன்றை எடுத்துக் கடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, ஊதி ஊதி முழுசும் தின்றாள்.

"மாவு இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"சுத்துங்க. பஸ் போனா போகட்டும்."

இன்னும் ஆறு சுட்டு, மொத்தம் பதினொன்று டப்பாவுக்குள் ஏறின. வெடித்தவற்றில் இரண்டை, சும்மா பரிசோதனைக்குத்தான், நான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாடிப்படியில் அவளை மடக்கினேன். காலி டப்பா லொடலொடவென்றது.

"யார் செஞ்சதுன்னு கேட்டாங்களா?"

"கேக்காம? எங்க வீட்டுக்காரர் கை செஞ்சதுன்னேன். அளவுகோல் வச்சது, பென்சில் வச்சது, எல்லாம் சொன்னேன். அடுத்த மாசம் இருபது வேணுமாம்." இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினாள். "அந்த 'சும்மா'க்காரி மூணு எடுத்துக்கிட்டா அக்கா."

அந்தத் தலை நிமிர்வைப் பார்த்தால், என்னமோ இவளே பிசைந்த மாதிரி. எனக்கும்தான் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது, மெஷின் யாருடையது?

ஆறு மணியாகியும் மெஷின் வரவில்லை. கேட்கலாம் என்று போனேன். கதவு திறந்திருந்தது. அவள் மாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள், இறுக்கி, ஒட்டி ஒட்டி. "இடம் விடு" என்று அவர் அவள் விரல்களுக்கு நடுவே பென்சிலை நுழைத்தார். பென்சில் நடுங்கியது. அவள் அதன் மறுமுனையை லேசாகப் பிடித்துக்கொண்டாள்.